இரு நிறங்களும் பல அறங்களும்: கற்பனைச் சித்திரக்கதை மாந்தரும் கணினி மையிடலும்

சித்திரக்கதை சிறுவர்க்கு உரியது, பொழுதுபோக்கின்பாற்பட்டது, எனவே ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது என்று ஒதுக்கிவிடும் மனப்பாங்கு தமிழ் விமரிசன உலகில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. கதையின் உள்ளடக்கம் பற்றி ஓரளவு பேசப்பட்ட சந்தர்ப்பங்களிற்கூட, அக்கதை எக்கருவியினால் வரையப்பட்டது, அக்கருவி கதையின் பொருளை எவ்வாறு பாதித்தது ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. உருவமும் உள்ளடக்கமும் பிரித்து நோக்கத்தக்கவை அல்ல என்பதை இலக்கியத்தைப் பொறுத்தவரை ஏற்றுக்கொண்ட விமரிசகர் பலரும் சித்திரக்கதைக்கு வரும்போது அவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

கற்பனைச் சித்திரக்கதைகளை வரைவோரிடையே இன்று செல்வாக்குப் பெற்றுள்ள ஒரு முறை இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்ற களமாக அமைகின்றது. பேய், பூதம், சாவற்ற மனிதன், கொம்புடைய வீரன் முதலிய இயற்கை கடந்த மாந்தரைச் சாம்பல் நிறத்தின் சாயலே இன்றி, முழுக் கருமையும் முழு வெண்மையும் மட்டுமே கொண்டு வரைதலே அம்முறையாகும். காகிதத்திலும் மையிலும் பிறந்த இம்முறை இன்று கணினித் திரையிலும் மின்பேனையினாற் கைக்கொள்ளப்படுகின்றது. இம்மாற்றத்தினாற் கலை பெற்றது என்ன, இழந்தது என்ன என்பது முதலாவது வினா. இரண்டே நிறங்களை அறிந்த ஒரு முறை, நன்மை தீமை என்னும் இரண்டே பெறுமானங்களைக் கொண்ட உலகையும் தன்னுடன் கொண்டுவந்துவிடுகின்றதா என்பது இரண்டாவது வினா. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

கறுப்பு வெள்ளை முறை சித்திரக்கதையில் அழகியல் தெரிவாக அன்றி, பெரிதும் அச்சுத்தொழிலின் கட்டாயமாகவே நிலைபெற்றது. மலிவான செய்தித்தாள், ஒரே நிற மை, நாள்தோறும் நெருக்கும் காலக்கெடு ஆகியனவே அதன் பொருளியல் அடிப்படை. மெல்லிய சாயல்களை அத்தாள் தாங்காது. நெருக்கமான கோடுகள் மை பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1930களில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வரைந்த நோயல் சிக்கிள்ஸ், மில்ற்றன் கனிஃப் ஆகிய இருவரும் பேனைக் கோட்டினைக் குறைத்துத் தூரிகையாற் பெரும் நிழற்பரப்புகளை இடலாயினர். முகத்தின் ஒரு பாதியைக் கருமையில் ஆழ்த்திவிட்டால் அப்பாதியை வரையவேண்டியதில்லை. ஆயினும் வாசகன் முழு முகத்தையே காண்கின்றான். நெருக்கடியிற் பிறந்த சிக்கனம் இவ்வாறு கலைச் சிக்கனமாக மாறியது.

இச்சிக்கனத்தைக் கற்பனைக் கதைக்கு உரிய மொழியாக வளர்த்தவர்களுள் ஆர்ஜென்ரீன ஓவியர் அல்பேர்ட்டோ பிரெச்சியா முதன்மையானவர். எழுத்தாளர் ஹெக்டர் ஜெர்மான் ஓஸ்தர்ஹெல்டுடன் இணைந்து 1962 முதல் 1964 வரை அவர் படைத்த 'மோர்ட் சிண்டர்', இறந்து இறந்து மீண்டெழும் ஒரு மனிதனின் கதை. பாபேல் கோபுரம் எழுப்பப்பட்டதையும் தேர்மோபிலைப் போரையும் நேரிற் கண்ட அம்மனிதன், பழம்பொருள் விற்கும் ஒரு முதியவருக்குத் தன் நினைவுகளைக் கூறுகின்றான். பிரெச்சியா தூரிகையோடு நின்றுவிடாது சவர அலகினாலும் மையை இழுத்துப் பரப்பினார். சிண்டரின் முகத்தை ஒரு கோடு வரையறுப்பதில்லை. சிதறிய கருமைக்கும் கீறப்பட்ட வெண்மைக்கும் இடையில் அம்முகம் தோன்றுகின்றது. பல நூற்றாண்டுகளைச் சுமந்த முகம் அவ்வாறுதான் இருக்க முடியும் என்று வாசகன் நம்புகின்றான். சாவினின்று மீள்பவனைப் படைத்த ஓஸ்தர்ஹெல்ட் 1977இல் அந்நாட்டு இராணுவ ஆட்சியினராற் காணாமலாக்கப்பட்டார். அவர் மீளவில்லை. இருளிலிருந்து பாதி மட்டும் வெளிப்படும் சிண்டரின் முகத்தை இச்செய்தி அறிந்தபின் நோக்குவோர்க்கு, அக்கருமை வெறும் நிழலாகத் தோன்றுவதில்லை.

கற்பனை மாந்தரை வரைவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குதிரையை வரைபவன் குதிரையைப் பார்த்து வரையலாம். பூதத்தை வரைபவனுக்கு மாதிரி எதுவுமில்லை. வாசகனை நம்பச்செய்ய அவன் முன்னே இரு வழிகள் உள்ளன. ஒன்று, செதில், நரம்பு, நகம் என்று ஒவ்வொன்றையும் விரித்து வரைந்து ஐயத்திற்கு இடமின்றிச் செய்தல். மற்றையது, சிறிதளவே காட்டி எஞ்சியதை வாசகனிடம் விட்டுவிடுதல். இவ்விரு வழிகளின் உச்சங்களை யப்பானியரான கென்ராறோ மியுராவிடமும் அமெரிக்கரான மைக் மிக்னோலாவிடமும் காணலாம்.

1989இல் தொடங்கிய மியுராவின் 'பேர்சேர்க்' விரித்துரைக்கும் வழியைச் சார்ந்தது. கவசத்தின் ஒவ்வோர் இணைப்பும், அரக்க உடலின் ஒவ்வொரு மடிப்பும் நெருங்கிய கோடுகளால் ஆக்கப்பட்டவை. ஆயினும் அக்கோட்டுக் காட்டினிடையே முழுக் கருமை ஒரு தூண் போல நிற்கின்றது: அதுவே கதாநாயகன் கட்ஸ் அணிந்துள்ள மேலாடை. சுற்றிலும் எத்துணை விவரங்கள் செறிந்திருப்பினும் கண் அக்கருமையைத் தேடிச் செல்கின்றது. விரித்துரைக்கும் ஓவியனுக்கும் விரித்துரைக்கப்படாத ஓரிடம் தேவைப்படுகின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1994இல் வெளிவரத் தொடங்கிய மிக்னோலாவின் 'ஹெல்போய்' இரண்டாவது வழியைச் சார்ந்தது. அது வண்ணத்தில் அச்சிடப்பட்டதெனினும், வண்ணம் சேருமுன்னரே அதன் படங்கள் கருமையினால் முழுமை பெற்றுவிடுகின்றன. மிக்னோலாவின் நிழல்கள் விளக்கொளியின் திசையைக் கணக்கிட்டு வீழ்வன அல்ல. எங்கே வாசகனின் கண் செல்லக்கூடாதோ அங்கே அவை வீழ்கின்றன. கண்குழிகள் பெரும்பாலும் கரும்பள்ளங்கள். உடல் ஒரு பாறை போன்ற கட்டு. பெரிய கல் வலக்கையும் நெற்றியில் அறுக்கப்பட்ட கொம்புகளின் அடிகளுமே அவ்வுருவை அடையாளப்படுத்துகின்றன. குறைந்த குறிகளால் நிறைந்த ஆளுமையை உணர்த்தும் இத்திறன், பல கோடுகளைச் சேர்ப்பதால் அன்றி நீக்குவதாற் பெறப்பட்டது.

இனி இரண்டாவது வினாவை நோக்கலாம். ஒளி நன்மைக்கும் இருள் தீமைக்கும் குறியீடாதல் பழைய வழக்கு. குடியேற்றவாத காலத்து வீரசாகசக் கதைகள் அவ்வழக்கை மனிதரின் தோல் நிறத்தின் மீதும் ஏற்றின. கறுப்பு வெள்ளை மட்டுமே அறிந்த ஓவிய முறை இப்பழக்கத்திற்கு எளிதில் இரையாகக்கூடியது. ஆனால் மேலே கூறப்பட்ட இரு படைப்புகளும் அதனைத் தலைகீழாக்குகின்றன. ஹெல்போய் உலகை அழிப்பதற்கென அழைக்கப்பட்ட அரக்கன். மனிதராலே வளர்க்கப்பட்டு, தன் விதியை மறுத்து, மனிதரைக் காக்கின்றான். 'பேர்சேர்க்'கில் 'கரிய வாள்வீரன்' எனப்படும் கட்ஸ் வஞ்சிக்கப்பட்டவன். வெண்ணிறக் கவசமும் அழகிய தோற்றமும் கொண்ட கிறிஃபித் தன் அதிகாரக் கனவுக்காகத் தோழர்களையே பலி கொடுத்தவன். வெண்மையைக் கண்டு நம்பிய வாசகன் ஏமாறுகின்றான். அவ்வேமாற்றமே கதையின் உட்பொருள். எனவே இரு நிறங்கள் இரு அறங்களை விதிப்பதில்லை. எல்லைக் கோட்டினை எங்கே இடுவது என்ற முடிவு மனிதனிடம் இருக்கும்வரை, அந்த எல்லையைக் கேள்விக்கு உட்படுத்தவும் அவனால் முடியும். கணினி இக்கலையினுள் நுழைந்ததன் முக்கியத்துவத்தை இந்நிலையிலிருந்தே மதிப்பிடவேண்டும்.

கணினியிற் சித்திரக்கதை வரையும் ஆரம்ப முயற்சிகளுள் ஒன்று கறுப்பு வெள்ளையாகவே அமைந்தமை வியப்பானது. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஷற்றர்' என்னும் எதிர்காலக் கதையை மைக் சேன்ஸ் மக்கின்ரொஷ் கணினியில் வரைந்தார். அக்கணினியின் திரை 512க்கு 342 புள்ளிகளைக் கொண்டது; ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மட்டுமே இருக்க முடியும். சாம்பல் வேண்டுமாயின் புள்ளிகளைக் கோலம்போல் அடுக்கியே அத்தோற்றத்தைப் பெறவேண்டும். அப்படங்களுக்குப் பின்னர் கையினாலேயே வண்ணம் சேர்க்கப்பட்டது. செய்தித்தாளின் வறுமை எவ்வாறு கனிஃபை இயக்கியதோ, அவ்வாறே இயந்திரத்தின் வறுமை சேன்ஸை இயக்கியது எனலாம்.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும் திரையில், கறுப்பு வெள்ளை என்பது கட்டாயம் அன்று, தெரிவு. 2012இல் யப்பானில் வெளிவந்த கிளிப் ஸ்டூடியோ பெயின்ற் போன்ற மென்பொருள்கள் சாம்பலுக்கே இடமற்ற, கறுப்பு வெள்ளைக்கு மட்டுமே உரிய படலங்களைத் தருகின்றன. கோட்டின் விளிம்பைத் திரையில் மென்மையாக்கிக் காட்டுவதற்குக் கணினி வழக்கமாகச் சாம்பற் புள்ளிகளை இடையிற் செருகும். அச்சில் அச்சாம்பல் நுண்புள்ளிகளாகச் சிதறிக் கோட்டினை மங்கச் செய்யும். அதனாலேயே மையிட்ட படங்கள் அங்குலத்திற்கு 600 அல்லது 1200 புள்ளிகள் என்ற செறிவில், சாம்பல் நீக்கி அமைக்கப்படுகின்றன.

எனினும் கணினி இக்கலைக்குச் செய்த பெரும் பணி இக்கூர்மையோ வேகமோ அன்று. காகிதத்தில் வெண்மை என்பது தாள். கருமை என்பது அதன்மீது சேர்க்கப்படும் பொருள். வெள்ளை மை பெரிதும் பிழைதிருத்தும் சாதனமாகவே பயன்பட்டது. திரையிலோ கருமையும் வெண்மையும் ஒரே பேனையின் இரு முனைகள். ஓவியன் முழுக் கருமையில் தொடங்கி வெண்மையால் உருவைச் செதுக்கி எடுக்கலாம். மரச்செதுக்குக் கலைஞர் இவ்வனுபவத்தை முன்னரே அறிந்திருந்தனர்: 1919இல் 167 மரச்செதுக்குகளால் ஒரு மனிதனின் வாழ்வைச் சொற்களின்றிக் கூறிய பிரான்ஸ் மசரேலும், 1929இல் 'கடவுளின் மனிதன்' என்ற சொல்லற்ற நாவலை வெளியிட்ட லிண்ட் வோர்டும் வெண்மையை வெட்டி எடுத்தவர்களே. மரத்தில் ஒருமுறை வெட்டியது வெட்டியதுதான். கணினி அந்த வெண்கோட்டினை அச்சமின்றிப் பரிசோதிக்கும் உரிமையை மையிடும் ஓவியனுக்கு வழங்கியது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பாழடைந்த மண்டபத்தின் வாயிலில், கையில் விளக்குடன் நிற்கும் கொம்புடைய காவலன் ஒருவனை வரையவேண்டும் என்று கொள்க. முதல் முறையில் ஓவியன் புறக்கோட்டினை வரைந்து, பின்னர் நிழல்களைக் கருமையால் நிரப்புகின்றான். உருவம் தெளிவாக அமைகின்றது. ஆனால் கருமை அங்கே அலங்காரம் மட்டுமே. அதனை நீக்கினும் படம் மாறாது. இரண்டாம் முறையில் சாம்பற் சாயல்களால் முழுமையாக வரைந்து, பின்னர் அதனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுமாறு கணினிக்குப் பணிக்கின்றான். கணினியில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். எல்லைப் பெறுமானம் 128 எனின் அதற்குக் குறைந்தவை கறுப்பு, ஏனையவை வெள்ளை. இடைப்பட்ட ஒளியில் இருந்த கண்கள் மறைந்துவிடுகின்றன. பளபளத்த இடைக்கச்சின் கொளுக்கி மட்டும் தப்பிவிடுகின்றது. கண்ணுக்கும் கொளுக்கிக்கும் உள்ள வேற்றுமையை அவ்வெண் அறியாது.

மூன்றாம் முறையில் அவன் கருந்திரையிலிருந்து தொடங்குகின்றான். விளக்கின் சுடர், அதனைப் பற்றிய விரல்கள், தாடையின் ஓரம், ஒரு கொம்பின் விளிம்பு ஆகியவற்றை மட்டும் வெண்மையாற் கீறுகின்றான். மற்றக் கொம்பு வரையப்படவில்லை. ஆனால் வாசகன் இரு கொம்புகளைக் காண்கின்றான். ஒருவேளை அது முறிந்திருக்குமோ என்றும் ஐயுறுகின்றான். வருபவரை அச்சுறுத்த விளக்கு உயர்த்தப்பட்டுள்ளதா, வழிகாட்ட உயர்த்தப்பட்டுள்ளதா என்பது தெளிவில்லை. இத்தெளிவின்மை குறை அன்று. காவலனுக்கு ஒரு கதை பிறப்பது இவ்விடத்திலேதான்.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இறுதியிற் கறுப்பு வெள்ளைப் படங்களையே தருகின்றன. ஆனால் ஒன்றில் எல்லையை அளவு தீர்மானித்தது. மற்றதிற் பொருள் தீர்மானித்தது. மனிதரையும் நிகழ்ச்சிகளையும் ஒரே எண்ணால் இருபுறமும் பிரித்துவிடும் பார்வைக்கு ஒப்பானது முன்னையது. எல்லையை இடுபவன் ஒவ்வோர் அங்குலத்திலும் தான் இடுவதற்குப் பொறுப்பேற்கும் பார்வை பின்னையது.

கணினி தரும் வேறு சில வசதிகளும் ஐயத்துடன் நோக்கத்தக்கன. செய்ததை அழித்து முன்னிலைக்கு மீளும் வசதி ஓவியனுக்குத் துணிவைத் தருகின்றது. அதேவேளை முடிவெடுப்பதை முடிவின்றி ஒத்திவைக்கவும் தூண்டுகின்றது. கைந்நடுக்கத்தைத் தானே திருத்தும் வசதி எல்லா ஓவியர்களின் கோட்டினையும் ஒரே வழவழப்புக்குக் கொண்டுவருகின்றது. இவற்றினும் கேடானது உருப்பெருக்கும் வசதி. காகிதத்தில் வரைந்த ஓவியன் அச்சிடப்படும் பக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிய தாளில் வரைந்தான், அவ்வளவே. கணினியிற் பத்து மடங்கு பெருக்கி, காவலனின் ஒரு நகத்தில் ஒரு மணிநேரத்தைச் செலவிடலாம். அச்சில் அந்நகம் ஒரு புள்ளி. படத்தைத் தபால்முத்திரை அளவிற்குச் சுருக்கி, கரும்பரப்புகளின் அமைப்பு அப்போதும் நிலைக்கின்றதா என்று பார்க்கும் பழக்கமே இதற்குத் தக்க மாற்று. சுருக்குவதும் பெருக்குவதும் ஒரே விசையின் வேலைதான். எத்திசையில் அதனைப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

கணினியில் வரையப்பட்டது உயிரற்றது என்று கூறுவோரும் உளர். காகிதத்தின் சொரசொரப்பும் உலரும் தூரிகையின் பிசிறும் திரையில் இயல்பாக அமைவதில்லை என்பது உண்மையே. ஆனால் பிசிறினை உயிர் எனக் கொள்வது தவறு. மியுரா கூடத் தம் இறுதி ஆண்டுகளிற் கணினியில் வரைந்தார். 2021இல் அவர் மறையும்வரை அவருடைய மாந்தர் உயிரிழக்கவில்லை. மறுபுறம், மிக்னோலாவைப் பார்த்து எங்கும் கருமையை அள்ளி இறைக்கும் போலிகள் காகிதத்திலும் மலிந்துள்ளன. கை வரையத் தெரியாதவன் கையை இருளில் ஒளிக்கலாம். ஒளித்ததற்கும் மறைத்து உணர்த்தியதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: தெரியும் பகுதியிலிருந்து தெரியாத பகுதியின் அமைப்பை வாசகன் ஊகிக்க முடியுமாயின் அது கலை, முடியாதாயின் அது இயலாமை.

இவ்வாறு உணர்த்தும் கலை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வெளியிட்ட முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1962இற் பிரித்தானியாவில் தொடங்கிய அக்கதையை வரைந்தவர் ஸ்பானியரான ஜெஸூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் முழுவதும் மறைய, இரும்புக்கை மட்டும் எஞ்சும். அத்தகைய கட்டத்தில் மனிதன் இருந்த இடம் வெற்றிடம். அவ்வெற்றிடத்தினுள் ஓர் ஆளைக் கண்டவர்கள் வாசகர்களே. அம்மாயாவி தொடக்கத்திற் குற்றவாளி, பின்னரே நல்லவன் என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியர் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்தவை, கூறியதனூடே கூறாததை உணர்த்தும் நெறிகளே. அகப்பாடலின் பொருளிற் கேட்போனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அந்நெறிகள் ஏற்றுக்கொண்டன.

கணினி மையிடல் பற்றிய மதிப்பீடும் இப்பங்கினை அடியொற்றியே அமைதல் வேண்டும். கருவி புதியது, அது திறந்துள்ள வழிகளும் உண்மையானவை. குறிப்பாக, வெண்மையைக் கருமைக்கு நிகரான கோடாக்கியமை இக்கலைக்குக் கிடைத்த பேறு. ஆனால் எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்னும் தீர்ப்பினைக் கருவியிடம் ஒப்படைத்துவிடும் ஓவியன், தன் பணியை மட்டுமன்றி வாசகனின் பணியையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுகின்றான். அத்தீர்ப்பினைத் தன் கையில் வைத்துக்கொண்டவனிடமே கொம்புடைய காவலன் விளக்கை உயர்த்தி நிற்பான். அவன் பகைவனா துணைவனா என்பதைப் பக்கத்தைப் புரட்டும் வாசகன் தானே கண்டறிவான்.